ரோமில் மிஞ்சும் ஒரு நாள்: பொம்பெயியா, ஓஸ்தியாவா, திவோலியா?

ரோம் நகருக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று நாள்களைப் பற்றி அதிகம் குழம்புவதில்லை. கொலோசியமும், அதனோடு ஒரே நுழைவுச்சீட்டில் அடங்கும் ரோமன் ஃபோரமும் பாலட்டைன் குன்றும் ஒரு நாளை எடுத்துக்கொள்கின்றன. வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கும் புனித பேதுரு பேராலயத்துக்கும் ஒரு நாள் போய்விடும். பாந்தியன், ட்ரெவி நீரூற்று, நவோனா சதுக்கம், கேப்பிடோலைன் அருங்காட்சியகம் ஆகியவை மூன்றாம் நாளை நிரப்பிவிடும். நான்காம் நாள் ஒன்று கையில் இருந்தால்தான் உண்மையான கேள்வி எழுகிறது. பழங்கால இடிபாடுகளில் மனம் ஈடுபட்டுவிட்ட ஒருவர் அந்த நாளை எங்கே செலவிடுவது? தெற்கே ஏறத்தாழ 240 கி.மீ. தொலைவில் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி இருக்கிறது. மேற்கே, டைபர் ஆறு கடலோடு கலந்த இடத்தில், ரோமின் பழைய துறைமுக நகரான ஓஸ்தியா ஆன்டிகா இருக்கிறது. கிழக்கே மலையடிவாரத்தில், திவோலிக்கு அருகில், பேரரசர் ஹாட்ரியன் கட்டிய மாளிகை வளாகம் இருக்கிறது. எங்கும் போகாமல் நகரின் தெற்கு எல்லையிலேயே ஆப்பியன் சாலையில் நடப்பது நான்காவது வழி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றிரவு ரோமுக்கே திரும்பிவர வேண்டியவர் ஓஸ்தியாவைத் தேர்ந்தெடுப்பது நல்லது; பொம்பெயியைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர் நேப்பிள்சில் ஓர் இரவேனும் தங்குமாறு பயணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பொம்பெயி இரண்டாம் தரமான இடம் என்று இதற்குப் பொருள் இல்லை. அது ஒரு நாளின் மிச்சத்துக்குள் அடங்காத அளவுக்குப் பெரிய இடம் என்பதுதான் என் வாதம்.

முதலில் பொம்பெயியின் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது புதைந்த இந்த நகரத்துக்கு இணையாகச் சொல்லத்தக்க தொல்லியல் களம் உலகில் மிகக் குறைவு. மற்ற பழைய நகரங்கள் மெல்ல மெல்லக் கைவிடப்பட்டு, கல்லும் செங்கல்லும் களவாடப்பட்டு, எலும்புக்கூடாக நமக்குக் கிடைத்திருக்கின்றன; பொம்பெயியோ அன்றாட வாழ்க்கை நடந்துகொண்டிருந்தபோதே மூடப்பட்டது. வீட்டுச் சுவர்களில் ஓவியங்கள் நிறம் மங்காமல் நிற்கின்றன. தெருச் சுவர்களில் தேர்தல் விளம்பரங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. வண்டிச் சக்கரங்கள் தேய்த்த தடங்கள் கற்பாதையில் ஆழப் பதிந்திருக்கின்றன. மழைக்காலத்தில் கால் நனையாமல் தெருவைக் கடப்பதற்கான மேடைக் கற்கள் இன்றும் அதே இடத்தில் உள்ளன. சாம்பலுக்குள் மட்கிப்போன உடல்கள் விட்டுச்சென்ற வெற்றிடத்தில் சுண்ணச்சாந்தை ஊற்றி வார்ப்பெடுக்கும் முறையை 1863இல் தொல்லியலாளர் ஜுசெப்பே ஃபியோரெல்லி கையாளத் தொடங்கினார். அந்த வார்ப்புகளின் முன் நிற்பது எளிதில் மறக்கக்கூடிய அனுபவமாக இருக்காது. இங்குள்ள வட்டரங்கு கி.மு. 70ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. அதாவது கொலோசியத்துக்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் மூத்தது. கொலோசியத்தை முந்தைய நாள் பார்த்தவருக்கு, அத்தகைய கட்டடம் எங்கிருந்து தொடங்கி எங்கே போய்ச் சேர்ந்தது என்பது இங்கே விளங்கும்.

ஆனால் நகரத்தின் பரப்பு 66 ஹெக்டேர். அதில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் தோண்டப்படவில்லை என்றாலும், தோண்டப்பட்ட பகுதியே ஒரு முழு நாளில் நடந்து முடிக்க முடியாத அளவு விரிந்தது. சந்தைத் திடலிலிருந்து வட்டரங்கு நகரின் மறுகோடியில் இருக்கிறது. மிகச் சிறந்த சுவரோவியங்கள் உள்ள மர்மங்களின் மாளிகையோ மதிலுக்கு வெளியே எதிர்த்திசையில் இருக்கிறது. வீடுகள் எல்லாம் எப்போதும் திறந்திருப்பதும் இல்லை. பராமரிப்புக்காகச் சில மூடப்படும், சில திறக்கப்படும். வெட்டியஸ் என்ற பெயருடைய இருவரின் வீடு போன்ற புகழ்பெற்ற ஒன்றே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மூடிக் கிடந்து 2023 ஜனவரியில்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது. 2024 நவம்பர் முதல் நாளொன்றுக்கு 20,000 பேருக்கு மேல் அனுமதிப்பதில்லை என்ற வரம்பும், பார்வையாளரின் பெயர் பொறித்த நுழைவுச்சீட்டும் நடைமுறைக்கு வந்துள்ளன. எனவே கோடைகாலத்தில் காலையில் முடிவெடுத்து அன்றே கிளம்பிச் செல்வது நம்பத்தகுந்த திட்டம் ஆகாது.

பயணக் கணக்கைப் பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவாகும். ரோம் டெர்மினி நிலையத்திலிருந்து நேப்பிள்ஸ் மத்திய நிலையத்துக்கு அதிவேக ரயிலில் ஒரு மணி பத்து நிமிடம் அளவில் ஆகிறது. இந்தப் பகுதி மிக வசதியானது. அங்கிருந்து கீழ்த்தளத்துக்கு இறங்கி, சொரெந்தோ செல்லும் சிர்க்கும்வெசுவியானா என்னும் உள்ளூர் ரயிலைப் பிடித்து முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பயணம் செய்தால், தொல்லியல் களத்தின் வாயிலருகே உள்ள நிலையம் வரும். இந்த உள்ளூர் ரயில் பழையது, நெரிசல் மிக்கது, ஜேப்படிக்குப் பெயர்போனது. கோடையில் நின்றுகொண்டே போக நேரலாம். விடுதி அறையிலிருந்து பொம்பெயி வாயில்வரை, காத்திருப்பையும் சேர்த்து, இரண்டரை மணி நேரம் என்று கணக்கிடுவதே நியாயம். போக வர ஐந்து மணி நேரம் கழிந்தபின் களத்தில் நிற்கக் கிடைப்பது நான்கு அல்லது ஐந்து மணி நேரம். அதுவும் பெரும்பாலும் உச்சி வெயிலில். அதிவேக ரயிலின் கட்டணம் விமானக் கட்டணத்தைப் போலவே முன்பதிவைப் பொறுத்து மாறுவதால், கடைசி நேரத்தில் வாங்குபவர் பல வாரங்களுக்கு முன்பே வாங்கியவரைவிட இரண்டு மடங்கோ அதற்கு மேலோ கொடுக்க நேரும். ரோமிலிருந்து புறப்படும் சுற்றுலாப் பேருந்துகள் இந்தத் தொல்லைகளைத் தீர்ப்பதாகச் சொல்கின்றன. ஆனால் ஒரே நாளில் பொம்பெயியையும் வெசூவியஸையும், அல்லது பொம்பெயியையும் அமால்ஃபி கடற்கரையையும் சேர்த்துக் காட்டுகிற திட்டங்களில், பழைய நகரத்துக்குள் இரண்டு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி நெடுஞ்சாலையைப் பார்ப்பதற்கே போகிறது.

ஓஸ்தியா ஆன்டிகாவுக்குப் போவது இதற்கு நேர்மாறானது. மெட்ரோ பி பாதையில் பிரமிதே நிலையத்தில் இறங்கினால், ஒட்டியே போர்த்தா சான் பாவ்லோ ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் புறநகர் ரயிலில் அரை மணி நேரம். நகரப் பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் வாங்குகிற அதே சாதாரணப் பயணச்சீட்டே இதற்கும் போதும். நிலையத்திலிருந்து ஒரு நடைமேம்பாலத்தைக் கடந்து சிறிது தூரம் நடந்தால் களத்தின் வாயில் வந்துவிடும். களத்துக்கான நுழைவுக் கட்டணத்தில் பொம்பெயிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. முழு வேறுபாடும் பயணத்தில்தான்.

ஆயினும் அருகில் இருக்கிறது, செலவு குறைவு என்பதற்காக மட்டும் ஓஸ்தியாவைப் பரிந்துரைத்தால் அது சோம்பேறிக்கான அறிவுரையாகிவிடும். ரோம் நகரின் மையத்தில் மூன்று நாள் சுற்றிய ஒருவர் பார்த்ததை எண்ணிப் பார்த்தால், அவை கோயில்கள், வெற்றி வளைவுகள், அரண்மனை, அரங்கம், நீதிமன்றக் கூடங்கள் என்று அனைத்தும் அரசின் கட்டடங்களாகவே இருக்கும். பேரரசு உச்சத்தில் இருந்தபோது ரோமில் வாழ்ந்த பெருந்திரளான மக்கள் எங்கே உறங்கினார்கள், எங்கே சமைத்தார்கள், வாடகை கொடுத்து எத்தகைய அறைகளில் குடியிருந்தார்கள் என்ற கேள்விக்கு நகர மையம் ஏறக்குறைய விடையே தருவதில்லை. கேப்பிடோலைன் குன்றின் அடிவாரத்தில் எஞ்சியிருக்கும் ஓர் அடுக்குக் குடியிருப்பின் சுவர்கள் போன்ற சில துணுக்குகளே அங்கே உண்டு. மற்றவை பின்வந்த நூற்றாண்டுகளின் கட்டடங்களுக்கு அடியில் போய்விட்டன. அந்த விடை ஓஸ்தியாவில்தான் இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் செங்கல்லால் கட்டப்பட்ட பல மாடிக் குடியிருப்புகள் தெருத்தெருவாக அங்கே நிற்கின்றன: கீழே கடைகள், பக்கவாட்டில் தெருவிலிருந்தே ஏறும் படிக்கட்டுகள், மேலே வாடகைக் குடித்தனங்கள். பொம்பெயி நமக்குக் காட்டுவது முதல் நூற்றாண்டின் தென்னித்தாலிய ஊர் ஒன்றையும், அங்குள்ள செல்வர்களின் முற்றம் வைத்த வீடுகளையும். ஓஸ்தியா காட்டுவது ரோம் நகரத்தைப் போலவே கட்டப்பட்ட, ரோம் நகரத்துக்காகவே உழைத்த மக்களின் வாழ்க்கையை.

மரபுக் கதை இந்த ஊரை ரோமின் நான்காம் அரசரான ஆன்கஸ் மார்சியஸ் நிறுவியதாகச் சொல்கிறது. ஆனால் கிடைத்துள்ள மிகப் பழைய கட்டடச் சான்று கி.மு. நான்காம் நூற்றாண்டின் படைமுகாம்தான். ரோமுக்கான தானியமும் எண்ணெயும் இந்த ஆற்றுமுகத்தின் வழியே சென்றன. கி.பி. 42இல் பேரரசர் கிளாடியஸ் சற்று வடக்கே புதிய துறைமுகம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். பின்வந்த பேரரசர் டிராஜன் அதற்கு அறுகோண வடிவக் குளம் ஒன்றைச் சேர்த்தார். காலப்போக்கில் வணிகம் அங்கே நகர்ந்தது, வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போனது, மலேரியா பரவியது. ஓஸ்தியா மெல்ல வெறிச்சோடியது. 1557இல் வந்த பெருவெள்ளத்தில் டைபர் தன் பாதையையே மாற்றிக்கொண்டு ஊரைவிட்டு விலகியது. இன்று காணும் பரப்பின் பெரும்பகுதி, 1942இல் நடத்தத் திட்டமிட்டிருந்த உலகக் கண்காட்சிக்காக முசோலினி அரசு 1938 முதல் அவசரம் அவசரமாகத் தோண்டுவித்தது. போரால் கண்காட்சி நடக்கவே இல்லை. அந்த அவசரத்தில் பதிவு செய்யப்படாமல் போனவை பல என்பது தொல்லியலாளர்களின் நெடுநாள் வருத்தம்.

உள்ளே நுழைந்ததும் டெக்குமானுஸ் என்னும் நேர்த்தெரு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. வலப்பக்கத்தில் நெப்டியூன் குளியற்கூடத்தின் தரையில், கடற்குதிரைகள் இழுக்கும் தேரில் கடல் தெய்வம் செல்லும் கறுப்பு வெள்ளை மொசைக் உள்ளது. அதை அடுத்து நாடக அரங்கு; அதன் பின்புறம், ஓஸ்தியாவில் நான் மிகவும் மதிக்கும் இடமான வணிகக் குழுக்களின் சதுக்கம். சதுரமாகச் சுற்றிவரும் தூண் வரிசைக்குப் பின்னால் சிறு சிறு அலுவலக அறைகள். ஒவ்வொன்றின் வாசலிலும் அங்கே அமர்ந்திருந்த கப்பல்காரர்களின் ஊரும் தொழிலும் மொசைக்கில் பதிக்கப்பட்டிருக்கும். வட ஆப்பிரிக்காவின் சப்ராத்தா ஊராருக்கு யானை, வேறு சிலருக்குக் கலங்கரை விளக்கம், பாய் விரித்த கப்பல், தானியம் அளக்கும் மரக்கால். கார்த்தேஜ், நார்போன், அலெக்சாந்திரியா ஆகிய பெயர்களையும் அங்கே காணலாம்.

அலெக்சாந்திரியா என்ற பெயரைத் தமிழ் வாசகர் சும்மா கடந்துபோக இயலாது. முசிறித் துறையில் ஏற்றப்பட்ட மிளகு, பருவக்காற்றின் துணையோடு செங்கடலின் பெரெனிகே போன்ற துறைகளை அடைந்து, பாலைவனத்தைக் கடந்து, நைல் ஆற்றின் வழியே அந்த நகருக்குத்தான் முதலில் வந்தது. அங்கிருந்தே இத்தாலிக்குக் கப்பலேறியது. அது போய்ச் சேர்ந்த இடத்தையும் ரோமில் அடையாளம் காணலாம்: பேரரசர் டொமிஷியன் முதல் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய மிளகுக் கிடங்கு, ஃபோரத்தில் மாக்சென்டியஸ் பேரவைக்கூடத்தின் பிரம்மாண்டமான வளைவுகளுக்கு அடியில் இருக்கிறது. கி.பி. 408இல் கோத்தியர் தலைவன் அலாரிக் ரோமை முற்றுகையிட்டு மீட்புத்தொகை கேட்டபோது பொன்னோடும் வெள்ளியோடும் மூவாயிரம் பவுண்டு மிளகையும் பெற்றுக்கொண்டான்.

சதுக்கத்திலிருந்து உள்தெருக்களில் திரும்பினால் மாவு அரைக்கும் கூடம் ஒன்று வருகிறது. எரிமலைக் கல்லால் செய்த, இடை சிறுத்த பெரிய திரிகைகள் இன்னும் அங்கேயே நிற்கின்றன. நம் ஊர்ச் செக்கைச் சுற்றி மாடு வருவதுபோல் இவற்றைச் சுற்றிக் கழுதைகள் நடந்தன. அருகிலேயே பளிங்குப் பலகை பதித்த சாப்பாட்டுக்கடை. அதன் சுவரில், அங்கே கிடைக்கும் பண்டங்களின் ஓவியம். பொதுக் கழிப்பறையின் பளிங்கு இருக்கைகள் வரிசை குலையாமல் உள்ளன. ஊரின் கடைக்கோடியில், விமான நிலையத்துக்குச் சாலை போட்டபோது 1961இல் வெளிப்பட்ட யூதர் தொழுகைக்கூடம் இருக்கிறது. ஐரோப்பாவில் அறியப்பட்டவற்றுள் மிகப் பழையவற்றில் அது ஒன்று. மித்ரா என்னும் தெய்வத்தை வழிபட்ட அறைகள் பத்துக்கு மேல் உள்ளன. புனித அகஸ்தீனின் தாய் மோனிக்கா 387இல் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்தபோது இறந்ததும் இந்த ஊரில்தான்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பொம்பெயி அளவுக்குச் சுவரோவியங்கள் இங்கே இல்லை; உள்ளவற்றில் பலவும் மங்கியவை. விளக்கப் பலகைகள் போதாது. செங்கல் சுவர்களைப் பார்த்து மாடிகளை மனத்தில் கட்டிக்கொள்ளும் பொறுமை இல்லாதவருக்கு அரை மணி நேரத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றலாம். எரிமலை இல்லை, வார்ப்பு உடல்கள் இல்லை, ஊருக்குத் திரும்பிச் சொல்ல எல்லோரும் அறிந்த பெயரும் இல்லை. இவற்றுக்கு ஈடாகக் கிடைப்பது நிழல். குடைபோல் விரிந்த பைன் மரங்கள் களமெங்கும் நிற்பதால் ஜூலை மாதத்திலும் இங்கே நடக்க முடியும்; பொம்பெயியின் தெருக்களில் அந்த ஆறுதல் மிகக் குறைவு. கூட்டமும் இங்கே ஒப்பிடத்தக்க அளவில் இல்லை.

ஓஸ்தியாவில் நான்கு மணி நேரம் போதுமென்பதால் பிற்பகல் மிஞ்சும். திரும்பி வந்து இறங்கும் இடத்திலேயே, கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட, செஸ்டியஸ் என்ற ரோமானியரின் கல்லறையான பிரமிடு நிற்கிறது. அங்கிருந்து ஒரே மெட்ரோ நிறுத்தத்தில், கி.பி. 216இல் திறக்கப்பட்ட காரகல்லா குளியற்கூடத்துக்குப் போய்விடலாம். மக்களின் வாடகை வீடுகளைக் காலையிலும், அந்த மக்களுக்காகப் பேரரசு கட்டிய வானளாவிய குளியற்கூடத்தை மாலையிலும் பார்ப்பது, ஒரே நாளில் அமையக்கூடிய மிகப் பொருத்தமான இணைப்பு என்பது என் கருத்து.

திவோலியின் தகுதி வேறு வகையானது. 117 முதல் 138 வரை ஆண்ட ஹாட்ரியன், பேரரசெங்கும் சுற்றித் திரிந்தவர். தாம் கண்ட நாடுகளின் நினைவை ஏறத்தாழ 120 ஹெக்டேர் பரப்பில் கட்டடங்களாக எழுப்பினார். எகிப்திய வாய்க்கால் ஒன்றின் பெயரைத் தாங்கிய கனோப்பஸ் என்னும் நீள்குளம், அகழி சூழ்ந்த வட்டத் தீவுக்குள் அரசர் தனித்திருக்கக் கட்டிய சிறு மாளிகை ஆகிய இரண்டும் ரோமானியக் கட்டடக்கலையின் உச்சங்கள். அருகில் திவோலி ஊருக்குள் பதினாறாம் நூற்றாண்டின் எஸ்தே மாளிகைத் தோட்டம் இருக்கிறது. அதன் நூற்றுக்கணக்கான நீரூற்றுகள் இயந்திரம் இன்றி ஆற்றுநீரின் இறக்கத்தாலேயே இயங்குமாறு அமைக்கப்பட்டவை. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் இல்லை. ரோமிலிருந்து மெட்ரோவும் வெளியூர்ப் பேருந்தும் மாறி, பின் உள்ளூர்ப் பேருந்துக்கும் காத்திருந்தால், 30 கி.மீ. தொலைவு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுத்துவிடும். வழியில் கந்தக நெடி வீசும் பகுதியில் கல்குவாரிகள் தென்படும். கொலோசியத்தைக் கட்டிய டிராவர்டைன் என்னும் சுண்ணாம்புக் கல் அந்தப் பக்கத்திலிருந்தே வெட்டிச் செல்லப்பட்டது. கட்டடக்கலை படித்தவருக்கும் தோட்டங்களை விரும்புபவருக்கும் நான் திவோலியையே முதலில் சொல்வேன். மற்றவருக்கு, பாலட்டைன் குன்றைப் பார்த்தபின் இன்னோர் அரண்மனை அவசரத் தேவை இல்லை.

ஆப்பியன் சாலை நடப்பதில் இன்பம் காண்பவருக்கு உரியது. கி.மு. 312இல் ஆப்பியஸ் கிளாடியஸ் தொடங்கிய இச்சாலை பின்னர் இத்தாலியின் குதிகாலில் உள்ள பிரிந்திசி துறைவரை நீண்டது. 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்டது. நிலத்தடிக் கல்லறைகள், சிசிலியா மெட்டெல்லாவின் வட்டக் கல்லறை, மாக்சென்டியஸின் தேரோட்டக் களம் ஆகியவை வழியில் உள்ளன. 1960 ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பிய வீரர் அபெபே பிகிலா வெறுங்காலோடு ஓடிய பாதையில் இச்சாலையும் உண்டு. இதற்கு முழு நாள் தேவையில்லை. அரை நாள் மட்டும் மிஞ்சினால் இதுவே சரியான தேர்வு.

கிழமையும் முடிவை மாற்றும். ஓஸ்தியாவும் காரகல்லா குளியற்கூடமும் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். மிஞ்சும் நாள் திங்களாக அமைந்தால் திவோலிக்கோ ஆப்பியன் சாலை நடைக்கோ போகலாம். மாதத்தின் முதல் ஞாயிறு அரசுக் களங்களுக்குக் கட்டணம் இல்லை; அன்று கொலோசியம், பொம்பெயி ஆகியவற்றின் பக்கம் போகாமலிருப்பதே நலம். நடக்கச் சிரமப்படும் பெரியவர்களோடு செல்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, இந்த வகையில் பொம்பெயியே முந்துகிறது என்பது: சக்கர நாற்காலி செல்லத்தக்க மூன்று கி.மீ.க்கு மேற்பட்ட தனிப்பாதை அங்கே அமைக்கப்பட்டுள்ளது. ஓஸ்தியாவின் மேடுபள்ளமான கரும்பாறைத் தெரு முழங்கால்வலிக்காரர்களை வருத்திவிடும்.

நேப்பிள்சில் ஓர் இரவு தங்கும் வாய்ப்பு இருந்தால் நான் மேலே சொன்ன தயக்கங்கள் எல்லாம் நீங்கிவிடும். காலையிலேயே ரோமிலிருந்து கிளம்பி, நேப்பிள்ஸ் நிலையத்தில் பெட்டியை ஒப்படைத்துவிட்டு, மாலைவரை பொம்பெயியில் இருக்கலாம். பெரிய பைகளை உள்ளே அனுமதிப்பதில்லை என்பதால் பெட்டியோடு நேரே போவது உதவாது. மறுநாளைத் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பொம்பெயியில் தோண்டியெடுத்த மிகச் சிறந்த பொருள்கள் அங்கேதான் உள்ளன: ஃபான் மாளிகையின் தரையிலிருந்து பெயர்த்தெடுத்த அலெக்சாந்தர் போர்க்கள மொசைக்கின் மூலம், வீடுகளிலிருந்து வெட்டியெடுத்த ஓவியங்கள், 1938இல் கிடைத்த, இந்தியாவில் செதுக்கப்பட்ட சிறிய தந்தப் பெண் உருவம். அருங்காட்சியகத்தை முதலிலும் களத்தைப் பின்னரும் பார்க்குமாறு சிலர் சொல்வதுண்டு. வெறுமையான தரையையும் சுவரையும் முதலில் கண்டு, அங்கே என்ன இருந்தது என்று யோசித்தபடியே போய் அருங்காட்சியகத்தில் அதைக் காணும் வரிசையே எனக்குச் சரியாகப் படுகிறது. அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதால், பொம்பெயிக்குத் திங்களன்று போகும்படி திட்டமிடக் கூடாது.